பின்வரிசையில் பாலச்சந்திரன்

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த உதைபந்தாட்டப் பட்டியலைப் பார்த்ததும் தவரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டான். '87-88 பின்வரிசை மாற்றம்' என்று மேலே சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தது. கனடாவுக்குப் போன இரண்டு பேரின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. நடுக்காப்புக்கு இரண்டு பெயர்: அவனுடைய 'தவம்', அதற்குப் பக்கத்தில் புதிதாக க. பாலச்சந்திரன், ஊர் லெ பிளாங்-மெனில்.

"என்னடாப்பா முகம் கறுத்துப்போச்சு? உன்ரை இடம் எங்கையும் போகேல்லை," என்று சிரித்தார் ஞானரட்ணம். பாரிஸின் ரூ பஜோல் தெருவில் அந்தப் பலசரக்குக் கடை அவருடையது. உதைபந்தாட்ட அணியும் அவருடையதுதான்.

"ஆர் அண்ணை இந்தப் பாலச்சந்திரன்?"

"நல்ல பெலமான ஆள். அவனைத் தாண்டிப் பந்து போகாது. இந்தா, அவன்ரை வதிவிட கார்ட் கொப்பி. இந்த முறை பிரெஞ்சுக்காரற்றை லீக்கிலை ஆடுறம். கார்ட் இல்லாட்டி ஆடுறதுக்கு லிசான்ஸ் தரமாட்டாங்கள். நீயும் ஞாயிற்றுக்கிழமை உன்ரையைக் கொண்டு வா."

தவரத்தினம் கொப்பியை வாங்கினான். படம் கறுத்துப்போய் மீசை மட்டும் தெரிந்தது. பிறந்தது 3-5-1958, பருத்தித்துறை. கீழே இருந்த நம்பரை அவன் வாசிக்கத் தேவையில்லை. அது அவனுக்கு மனப்பாடம்.

அதே கார்ட்டின் கொப்பி அவனுடைய சட்டைப் பைக்குள்ளும் இருந்தது.

அகதி விண்ணப்பம் இரண்டு தரம் 'றிஜெ', நிராகரிப்பு, என்று திரும்பி வந்த பிறகு, நாலைந்து கை மாறி அவனிடம் வந்த கொப்பி அது. சொந்தக்காரனை அவன் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பெயரில்தான் றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவுகிறான். முதல் கிழமை சமையலறை ஷெப் "பாலச்சந்திரன்" என்று கத்தக் கத்த, ஆரையோ கூப்பிடுகிறார் என்று அவன் பாட்டுக்குக் கழுவிக்கொண்டு நின்றான். இப்போது நித்திரையிலும் அந்தப் பெயருக்குத் திரும்புவான்.

அவன் செய்யும் வேலைக்கும் சேர்த்து வரிக் கடிதம் சொந்தக்காரன் வீட்டுக்குத்தான் போயிருக்கும். தன்னைத் தேடித்தான் அணிக்குள் வந்திருக்கிறானோ? பொலிசில் ஒரு சொல் சொன்னால் போதும், பிளேனில் ஏத்தி அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கின பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே அவன் விரும்பவில்லை.

"நான் இந்த வருசம் ஆடேல்லை அண்ணை. முழங்கால் நோ."

"விசர்க்கதை கதையாதை. பின்னுக்கு நீயும் இல்லாட்டி நானே போய் நிக்கிறது? காலமை ஒன்பது மணிக்கு வா."

வராமல் விட்டால்தான் சந்தேகம் வரும். ஞாயிறு காலை போனான். வழியில் பொலிஸ் மறித்தால் காட்டவென்று தன் கொப்பியைக் காலுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனான்.

மைதானம் றெயில் பாதையோடு ஒட்டி இருந்தது. புதியவன் உயரமானவன், அதிகம் கதைக்கவில்லை. "வணக்கம் அண்ணை" என்றான். தவரத்தினம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தள்ளி நின்றான்.

கோல் காப்பவர் லூர்துசாமி, பாண்டிச்சேரிக்காரர். தபால் கந்தோரில் வேலை, பிறந்ததிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை. அவருக்கு ஒருத்தருக்கும் பயமில்லை. அவர் தொண்டைக்கும் ஓய்வில்லை.

"பாலச்சந்திரன், இடது பக்கம் வாய்யா! யோவ், பாலச்சந்திரன்!"

புதியவன் அசையவில்லை. றெயில் ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் தவரத்தினத்தின் தலை தானாகத் திரும்பிவிட்டது. பந்து இரண்டு பேருக்கும் நடுவால் உருண்டு வலைக்குள் போனது.

"நல்லா இருக்குய்யா உங்க காவல்! கூப்பிட்டவன் சிலை மாதிரி நிக்கிறான், கூப்பிடாதவன் என் மூஞ்சியப் பாக்குறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். தவரத்தினம் சிரிக்கவில்லை. புதியவனும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. தவரத்தினத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் குளிக்காமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு தவரத்தினம் வெளிக்கிட்டான். உடுப்பு மாற்றும் அறை வாசலில் புதியவன் நின்றான். கதவை உள்ளுக்குச் சாத்தினான்.

"அண்ணை, பாலச்சந்திரன் எண்டு கூப்பிட நீங்கள் ஏன் திரும்பினனீங்கள்?"

தவரத்தினம் அப்படியே வாங்கில் உட்கார்ந்து, காலுறைக்குள் இருந்த கொப்பியை எடுத்து நீட்டினான். அது வியர்வையில் நனைந்திருந்தது.

"தம்பி, உங்கடை பேரிலைதான் நான் வேலை செய்யிறன். எனக்கு வேறை வழி இல்லை. என்னாலை உங்களுக்குக் கரைச்சல் வந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நாளைக்கே வேலையை விடுறன். பொலிசுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

புதியவன் கொப்பியை விரித்துப் பார்த்தான். சுவரோடு சரிந்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

"ஐயோ அண்ணை, நீங்கள்தான் பாலச்சந்திரன் எண்டெல்லோ நான் பயந்துபோனன்!"