மெரேயின் காலிக் கட்டம்

சுவா நகர மீன் ஆலைக்குச் சுகாதார அதிகாரி வந்திருந்தார். மேசைகளுக்குக் கிருமிநாசினி அடித்த பதிவேட்டைப் புரட்டினார். எல்லா மேசைக்கும் டிக் இருந்தது. மீன் வெட்டும் மெரேயின் மேசைக்கு மட்டும் மூன்று நாளாக இல்லை.

மேலாளர் இலியேசா மெரேயைப் பார்த்துக் கொதித்தார். "மருந்தும் அடிக்கல, மீனும் வெட்டல! மத்தவங்க எல்லாரும் அடிச்சிருக்காங்களே!"

"மருந்து அடிக்காத மேசையில நான் கத்தி வைக்க மாட்டேன், பாஸ்."

"திமிரு! அதிகாரி முன்னாடி மானத்தை வாங்குறியா? வீட்டுக்குப் போ!"

"போறேன். ஆனா பொய்யா டிக் போட மாட்டேன்."

அதிகாரி கேட்டார். "ஏம்மா, மருந்து அடிக்க உனக்கென்ன கஷ்டம்?"

"மருந்து ரூமுக்கு ஒரே சாவிதாங்க ஐயா. மூணு நாளா அது நம்ம பாஸ் பாக்கெட்ல, தவேயுனித் தீவுல அவரு தங்கச்சி கல்யாணத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு."