நத்தைக் கோப்பை

மற்ற பந்தயமெல்லாம் முந்துகிறவனுக்கு. வட்டாரப் பழைய டிராக்டர் சங்கத்தின் நத்தைக் கோப்பை மட்டும் பிந்துகிறவனுக்கு.

கடைசியாக எல்லைக் கோட்டைத் தாண்டுகிற வண்டிக்குத்தான் பரிசு. நடுவில் வண்டி நிற்கக்கூடாது, பிரேக்கைத் தொடக்கூடாது, இன்ஜின் அணையக்கூடாது. அவ்வளவுதான் விதி.

இறுதிச் சுற்றில் இரண்டே பேர். ஒருவர் பேக்கரிக்காரர், இன்னொருவர் பல் டாக்டர். இரண்டு பேரும் சம்பந்திகள். பேக்கரிக்காரர் தன் ஒரே பெண்ணை டாக்டர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கோப்பை டாக்டர் வீட்டுக்கே போனது. பேக்கரிக்காரருக்கு அது தொண்டையில் முள்ளாக உறுத்தியது. "நம்ம பொண்ணு அந்தக் கோப்பையைத் துடைச்சுத் துடைச்சு வைக்கணுமா?" என்று வீட்டில் பொருமித் தீர்ப்பார். இந்த வருஷம் முழுக்க, கடையைச் சாத்தினதும் டிராக்டரோடுதான் குடித்தனம்.

இன்று பெண்ணும் பார்க்க வந்திருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள்.

"அப்பா, பதறாம ஓட்டுங்க."

"இந்தத் தடவை அவரா நானான்னு பார்த்துடறேன்மா."

பக்கத்து வண்டியிலிருந்து டாக்டர் சிரித்தார். "மருமக எந்தக் கட்சின்னு தெரிஞ்சுபோச்சு சம்பந்தி."

பேக்கரிக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

சங்கச் செயலாளர் கொடியை இறக்கினார். இரண்டு வண்டிகளும் தடதடத்துக்கொண்டு ஊர்ந்தன. "மெல்ல, மெல்ல" என்று கூட்டம் ஒரே குரலில் உற்சாகப்படுத்தியது. எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று இருவரையும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனது. மைதானமே சிரித்தது. பேக்கரிக்காரர் மட்டும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோட்டை நெருங்கும்போது தரை லேசாகச் சரிந்தது. பேக்கரிக்காரர் கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக ஊர விட்டார். இன்ஜினையும் மூச்சு மட்டும் விடுகிற அளவுக்குக் குறைத்தார். திரும்பிப் பார்த்தால், டாக்டர் இன்னும் ஒரு முழம் பின்னால். இந்த வருஷமும் போச்சு என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் வண்டி உறுமியது. கரும்புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்து, பேக்கரிக்காரரை முந்தி, கோட்டைத் தாண்டிவிட்டது.

கூட்டம் வாயைப் பிளந்தது. நத்தைப் பந்தயத்தில் யாராவது பாய்வார்களா?

தாண்டின மனிதர் சும்மாவும் இருக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை உறும விட்டுக்கொண்டே இருந்தார். பேக்கரிக்காரருக்குக் காது அடைத்தது, கண் எரிந்தது, தரையோடு சேர்ந்து உடம்பே அதிர்ந்தது. ஆனாலும் அவர் அசரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் குதித்து இறங்கிப் பெண்ணிடம் ஓடினார்.

"ஜெயிச்சுட்டோம்மா."

அவள் கைதட்டி ஓயவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

மேடையில் கோப்பையை வாங்கியதும் பேக்கரிக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லணும். கை தவறி முந்திட்டார், சரி. அந்த ஆத்திரத்துல வண்டியை உறும விட்டு என் கவனத்தைக் கலைக்கப் பார்த்தது நியாயமா? சம்பந்தியா இருந்தாலும் தப்பு தப்புதான்."

செயலாளர் டாக்டரைப் பார்த்தார். "உண்மைதானா டாக்டர்?"

"சத்தம் கூட்டினது நான்தாங்க."

"அப்படின்னா அடுத்த வருஷம் உங்களுக்குப் போட்டியில இடம் கிடையாது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

பெண்ணின் முகம் வாடியது. "மாமாவைப் போய் எல்லார் முன்னாடியும் எதுக்குப்பா..."

"உனக்குத் தெரியாதும்மா. தோத்தாதான் மனுஷனோட சாயம் வெளுக்கும்."

கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். பெண்ணும் கூடவே வந்தாள். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்வதற்காக நிறுத்துக் குமிழை உள்ளே தள்ளக் கை நீட்டினார். அது உள்ளேதான் இருந்தது. அதை வெளியே இழுத்தால்தான் இன்ஜின் அணையும். அதை யாரும் இழுக்கவில்லை. ஆனால் இன்ஜின் அணைந்து கிடந்தது.

"என் வண்டியை யாரும்மா ஆஃப் பண்ணினது?"

"யாரும் கிட்டயே வரலையேப்பா. நீங்களும் பண்ணலை. அப்படியே போட்டுட்டுத்தானே ஓடி வந்தீங்க."

பேக்கரிக்காரர் கோப்பையோடு இறங்கினார். நேராக, தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போனார்.

"சம்பந்தி, என் இன்ஜின் எப்ப அணைஞ்சுது?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோட்டுக்கு ஒரு வண்டி தூரம் இருக்கும்போதே."

"எனக்கே தெரியலையே."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் என் வண்டியை உறும விட்டேன்."

பேக்கரிக்காரருக்குக் கோப்பை கனத்தது. "மேடையில அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது சம்பந்தி? நீங்க கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே என் மருமக கைதட்ட ஆரம்பிச்சுட்டா."