நாலாவது கட்டத்தில் நின்ற கர்சர்

"ஊருக்கெல்லாம் ஓடுது தம்பி. எனக்கு மட்டும் நாலாவது கட்டத்துலயே நின்னுடுது."

எல்லையம்மாள் போனை நீட்டினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பரிதி வாங்கிப் பார்த்தான். மணி நாலே முக்கால்.

குத்தாலத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான். வழியெல்லாம் அறுத்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. கடல் நெருங்க நெருங்க வெயிலே இளகிப்போய், இந்தச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் எல்லாம் பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருந்தது. வந்த அவசரம் அவனுக்கு மட்டும்தான்.

மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு அந்தப் போனில் இருந்த ஆப்பைச் செய்து கொடுத்தவன் அவன்தான். மயிலாடுதுறையில் கட்டியிருக்கும் புது மீன் மார்க்கெட்டில் கடை வேண்டுமென்றால், இன்று மாலை ஐந்து மணிக்குள் அதில் பதிய வேண்டும். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் பதிந்தாயிற்று. எல்லையம்மாள் மட்டும் பாக்கி. விட்டால், பழையபடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டியதுதான்.

"மூணு நாளா என் கம்ப்யூட்டர்ல பாக்குறேன்க்கா. தினம் மத்தியானம் உங்க போன் அந்தக் கட்டத்துல அரை மணி நேரம் நிக்குது. என்ன கோளாறுன்னே புரியல."

அவனுக்கு அது மானப் பிரச்சினை. ஐஸில் ஊறிய விரலுக்கு டச் ஸ்கிரீன் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் ஒரு கட்டத்தில் எழுதி அம்புக்குறியைத் தட்டினால் போதும், அடுத்த கட்டத்துக்கு அதுவே கூட்டிப்போய்விடும். தேடித் தேடித் தொட வேண்டாம். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா?

"என் எதிர்ல ஒரு தடவை போடுங்கக்கா."

கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து எல்லையம்மாள் போட ஆரம்பித்தாள். பெயர். தட்டினாள், கர்சர் வயதுக்குப் போனது. நாற்பத்து நாலு. தட்டினாள், போன் நம்பருக்குப் போனது.

"தவக்கள மாதிரி தாவுது" என்று சிரித்தாள்.

நாலாவது கட்டம். கணவர் பெயர்.

அங்கே அவள் கை நின்றுவிட்டது. வெள்ளைக் கட்டத்துக்குள் கர்சர் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாயிற்று.

"போடுங்கக்கா."

"இருங்க தம்பி. பாருங்களேன், மூச்சு வுடுற மாதிரி இல்ல?"

பரிதியும் பார்த்தான். பிழைப்பே கர்சரோடுதான் என்றாலும் இப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. வருகிறது, போகிறது, வருகிறது. சவுக்கு இலைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. எதற்கு வந்தோம் என்பதே அவனுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

சட்டென்று விஷயம் பிடிபட்டது. வாய்விட்டுச் சிரித்தான்.

"அடடா! வூட்டுக்காரர் பேரச் சொல்லக் கூடாது, அதானே? கோளாறு ஆப்புல இல்ல, உங்ககிட்டதான்!"

அவள் முகம் சிவந்தது. மறுக்கவில்லை.

"சொல்லத்தான்க்கா கூடாது. எழுதலாம்ல? மத்தவங்கள்லாம் எழுதிட்டாங்களே."

"அவங்க எழுதுவாங்க."

"சரி, அவரு வந்ததும் அவரையே போடச் சொல்லியிருக்கலாமே?"

"வந்தா சொல்லலாம்."

"எங்க போயிருக்காரு?"

"கடலுக்கு."

மணியைப் பார்த்தான். காத்திருக்க நேரமில்லை.

"ஒரு குறிப்பாவது குடுங்க. நான் போடுறேன்."

கொஞ்சம் தயங்கினாள். பிறகு கல்யாணப் பெண் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "நாகப்பட்டணத்துல நீலாயதாட்சி அம்மன் இருக்கால்ல? அவ வூட்டுக்காரரு பேரு."

"காயாரோகணம்!"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பரிதிக்கே என்னவோ போலாகிவிட்டது. இத்தனை ஆசையாக ஒரு பெயரைக் கேட்கிற மனைவி இருக்க, அந்த ஆளுக்குக் கொடுப்பினைதான் என்று நினைத்துக்கொண்டான்.

பெயரை அடித்து அம்புக்குறியைத் தட்டினான். திரை நகர்ந்து அடுத்த கட்டம் வந்து நின்றது. ஒரு தடங்கலும் இல்லை.

"பாத்தீங்களா? இன்னும் ரெண்டே கட்டம்!"

எல்லையம்மாள் போனை வெடுக்கென்று வாங்கினாள். பின்னால் போய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நாலாவது கட்டத்தில் மறுபடியும் கர்சர் மட்டும் நின்றது.

பரிதிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னக்கா இது! பத்து நிமிஷம்தான் இருக்கு. கடை வேணுமா, வேணாமா?"

"வேணும் தம்பி. நேத்துகூடப் போயிப் பாத்துட்டு வந்தேன். கடைக்குக் கடை தண்ணிக் குழாய் வச்சிருக்காங்க. மேல ஃபேன்கூட இருக்கு."

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

"பேரப் போட்டா அது தானா அடுத்ததுக்குப் போயிடுதே."

"போகணும்னுதானக்கா நான் ராப்பகலா உக்காந்து செஞ்சேன்!"

அவள் திரையை மேலே தள்ளி, அவன் செய்துவைத்த ஐந்தாவது கட்டத்தை அவனிடமே காட்டினாள். 'கணவர்: இருக்கிறார் / இறந்துவிட்டார்' என்று இரண்டே வட்டங்கள் இருந்தன, ஒன்றைத் தொட்டால்தான் மேலே போக முடியும்.

"அவரு கடலுக்குப் போயி ஆறு வருசமாச்சு தம்பி. போட்டும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. இதுல நான் எதத் தொடுறது?"