ஒழுகிய சீல்

காட்டுப்பாதையில் ஓடும் ஜீப் ஒன்றின் பின் அச்சில் ஓர் ஆயில் சீல் இருந்தாள். அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் சக்கரத்துப் பக்கம் வராமல் பிடித்துக்கொள்வதுதான் அந்த ரப்பர் வளையத்தின் பிழைப்பு. சில நாட்களாக அவளால் முடியவில்லை.

"மறுபடியும் ஒழுக விட்டுட்டியா? எண்ணெய் பட்டு நான் வழுக்கினா வண்டியே பள்ளத்துல போயிடும்!" என்று பிரேக் கத்தினார்.

"உள்ளே காத்து சூடேறி முட்டுது அண்ணே. எவ்வளவுதான் தாங்குவேன்?" என்றவள், அச்சின் மேலிருந்த மூச்சுக்குழாயிடம் கெஞ்சினாள். "அக்கா, காத்தை வெளியே விடத்தானே நீங்க இருக்கீங்க? ஓடையில இறங்கினப்போ உங்க வாயில சேறு அடைச்சதைச் சொல்லிடுங்க. இல்லேன்னா என்னைப் பிடுங்கிப் போட்டுடுவாங்க."

"சொன்னா என்னையில்ல குத்திக் கிளறுவாங்க? ஒழுகுறது நீதானேடி," என்று மூச்சுக்குழாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெக்கானிக் வந்தார். ஒழுகிய இடத்தை மட்டும் பார்த்தார். சீலை நெம்பி எடுத்துத் தரையில் எறிந்துவிட்டு, புதியவளைத் தட்டிப் பொருத்தினார்.

"வாம்மா, நீயாவது ஒழுங்கா இரு," என்று பிரேக் அன்பாகச் சொல்வது கீழே கிடந்தவளுக்குக் கேட்டது. அவளே புதியவளாக வந்த அன்றும் அவர் அதையேதான் சொன்னார்.