நடைபாதையில் ஒரு போர்

"மை கூடக் காயல! போன வாரம் வந்த நாவலுக்கு அதுக்குள்ள திருட்டுப் பதிப்பா?"

நடைபாதைப் புத்தகக் கடை முன்னால் எழுத்தாளர் கொதித்தார். போர்க்கால வரலாற்று நாவல்களைத் தானே எழுதி, தானே அச்சடித்து, தானே விற்கிறவர்.

"ரோட்டுல நின்னு கத்தாதீங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்படி விடறது? பழைய வரைபடமா தேடித் தேடிக் கண்ணு அவிஞ்சு போய் மூணு நாவல் எழுதியிருக்கேன். யோவ், உனக்கு மனசாட்சியே இல்லையா?"

கடைக்காரர் கைகூப்பினார். "மன்னிச்சுடுங்க சார். உங்களோடது எதுன்னு சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

"இருந்தாத்தானேய்யா எடுக்க! ஊர்ல இருக்கிறவன் நாவலையெல்லாம் திருடியிருக்க. என்னோடது ஒண்ணைக்கூடக் காணோமே, ஏன்?"

மனைவி சட்டையை விட்டுவிட்டாள்.

கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "அந்தக் கோட்டை முற்றுகை நாவலெல்லாம் எழுதினது நீங்கதானா சார்?"

"தெரியுமா?" எழுத்தாளரின் முகம் மலர்ந்தது.

"திருடலாம்னு மூணையும் வாங்கிப் படிச்சேன் சார்." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எங்க கடைக்கும் ஒரு பேர் இருக்குல்ல?"