எழுதிக் குடுங்க தம்பி

பென்ஷன் ஆபீஸ் கவுன்ட்டர் ஜன்னலுக்கு முன்னால் நின்ற பூட்டு ரிப்பேர்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

"தம்பி, பட்டாளத்துல செத்தவரோட சம்சாரம். அந்தம்மா என்னைக் கட்டிக்கிட்டா பென்ஷன் நின்னுடுமா?"

"அவங்களுக்கு என்ன வயசு?" என்றான் கிளார்க்.

"அம்பத்தாறு."

"அப்ப நிக்காது. அம்பத்தஞ்சு தாண்டிட்டா, மறுகல்யாணம் பண்ணாலும் வரும். புது விதி."

"வாயால சொல்றதை நான் நம்புறதில்ல. எழுதிக் குடுங்க."

கிளார்க் சிரித்துக்கொண்டே எழுதினான்.

"அவங்க மகன் என்ன சொல்லுவானோன்னு மூணு வருஷமா அந்தம்மா வாயே திறக்கல தம்பி."

"பெத்தவ தனியாவே கிடக்கணுமா? குறுக்க நிக்க அவன் யாரு?"

"அதையும் எழுதுங்க."

கிளார்க்கையும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. 'மகனின் சம்மதம் தேவையில்லை' என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினான். "மறுபேச்சு பேசினா என்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார்.

"உள்ள வாங்க. உங்க பையன் கையெழுத்தே போட்டுட்டான்."

கிளார்க் காலையில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு, அவன் அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கிளார்க் தான் குத்திய முத்திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா, பேசாம நிக்கிற?"

"இரும்மா," என்றவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உன் மகன்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்."