ஈரம் காயாத கோட்டு

"கையைத் தூக்கு," என்றாள் அண்ணி.

நாத்தனார் தூக்கினாள். ஹோட்டலின் தரைத்தளக் கழிவறையில், கண்ணாடிக்கு எதிரே, கோட்டு அண்ணியின் தோளிலிருந்து அவள் தோளுக்கு மாறியது.

சட்டையும் பேண்ட்டும் அவரவருடையது. கோட்டு மட்டும் வீட்டுக்கே ஒன்றுதான். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அண்ணி வேலைக்குப் போன காலத்தில் தைத்தது. அழைப்புக் கடிதத்திலோ கோட்டு கட்டாயம் என்று இருந்தது.

அண்ணிக்குப் பத்தரைக்கு நேர்காணல். நாத்தனாருக்குப் பதினொன்றுக்கு. அண்ணி முடித்து வெளியே வந்தபோது எஞ்சியது பத்தே நிமிடம்.

அண்ணி நல்ல வாட்டசாட்டம். நாத்தனார் ஊதினால் பறந்துவிடுவாள். கோட்டு அவள்மேல் கொடியில் காய்வதைப் போலத் தொங்கியது.

முதுகுப் பக்கத்தில் ஒரு பிடி துணியை இழுத்து மடித்து, வாயில் கவ்வியிருந்த மூன்று ஊக்குகளையும் குத்தினாள் அண்ணி. "பேசி முடிச்சதும் முதுகைக் காட்டாதே. அப்படியே பின்னால நடந்து வந்துடு."

கோட்டின் அக்குள் ஈரமாக இருந்தது. இருவருமே பார்த்துவிட்டார்கள். எனக்கென்ன பயம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அண்ணியின் வியர்வை அது.

கை உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே நாத்தனாரைக் குனிய வைத்தாள். அது உஸ்ஸென்று இரைந்தது. உள்ளே வந்த ஒரு பெண்மணி, சிறகு விரித்த கோழி மாதிரி நிற்பவளைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனாள்.

இரைச்சலுக்கு மேல் அண்ணி கத்தினாள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருக்கும் அம்மாள் சிரிக்கவே மாட்டாள், கண்டுகொள்ளாதே. கோபமாக வரும் விருந்தினரை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்பார்கள். முதலில் உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்பேன் என்று சொல்.

"நீங்களும் அதைத்தான் சொன்னீங்களா அண்ணி?"

"மன்னிப்புக் கேப்பேன்னு உளறிட்டேன். வெளிய வந்தப்புறம்தான் இது தோணுச்சு. நீயாவது ஒழுங்காச் சொல்லு."

பதினொன்றுக்கு நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். போனாள்.

அண்ணி வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டு இல்லாத கைகளுக்கு ஏ.சி. குளிர்ந்தது. பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த பெண், போனது தங்கையா என்று விசாரித்தாள்.

"நாத்தனார்."

அந்தப் பெண்ணின் புருவம் மேலே போனது. நாத்தனாருக்கா இத்தனை உபசாரம்? எந்த வேலைக்கு வந்திருக்கிறாள்?

"நீங்களும் நானும் வந்த அதே வேலைக்குத்தான்."

வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தார்கள். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். இடம் ஒன்று.

அண்ணி கண்ணை மூடி, அவள் நல்லபடியாகப் பேசிவிட்டு வர வேண்டும் என்று வேண்டத் தொடங்கினாள். பாதி வேண்டுதலில்தான், யாருக்கு எதிராக வேண்டுகிறோம் என்பது உறைத்தது.

ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பிறகு மூடிக்கொண்டு, மிச்சத்தையும் வேண்டி முடித்தாள்.